ஆந்தை ஊரில் ஆயிரம் வேஷம்!

டோக்கியோவில் ஓர் ஏரியா இருக்கு. அங்கே போய் இறங்கினா, ரயில்வே ஸ்டேஷனே முதல்ல உங்களைக் கலாய்க்கும்! கிழக்கு வாசல்ல நிற்கிற பிரமாண்டமான கடைக்குப் பேர் சேய்பு. ஜப்பான் மொழியில 'சேய்'னா மேற்கு. சரி, மேற்கு வாசல்ல என்ன இருக்குன்னு போனா, தோபு. 'தோ'ன்னா கிழக்கு! திசையிலேயே ஆள்மாறாட்டம் பண்ற இந்த ஊரோட பேர் இக்கேபுகுரோ. வேஷம் போடுறவங்களோட தலைநகரமா இது ஆனதுல ஆச்சரியம் என்ன பாஸ்?

தினமும் இருபது லட்சம் பேருக்கு மேல வந்து போற ஸ்டேஷன் இது. இதுக்குள்ள ஃப்ரெண்டைத் தொலைச்சா, நேரா 'இக்கேஃபுகுரோ'கிட்ட போயிடணும். அது ஒரு கல் ஆந்தை. 'ஃபுகுரோ'ன்னா ஆந்தை, ஊர் பேரோட ரைமிங்கா வருதேன்னு 1987-ல் கொண்டுவந்து வெச்சாங்க. நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்ட் மணிக்கூண்டுகிட்ட நில்லுன்னு சொல்ற மாதிரி, அங்கே 'ஆந்தைகிட்ட நில்லு!'

கிழக்கு வாசல் வழியா வெளியே வந்து பத்து நிமிஷம் நடங்க. 60 மாடிக் கட்டடம் ஒண்ணு வானத்தை முட்டும். சன்ஷைன் 60. 1978-ல் கட்டி முடிச்சப்போ ஆசியாவிலேயே உயரமான கட்டடம், சுமார் 240 மீட்டர். அது காலடியில ஒரு சின்ன பார்க். மரம், கொஞ்சம் படிக்கட்டு, உட்கார திண்டு. பார்த்தா சாதாரண பார்க்தான். ஆனா, காஸ்ப்ளே நிகழ்ச்சி நடக்கிற நாள்ல வந்தீங்கன்னா, ஊதா முடி வெச்ச இளவரசன் ஒருத்தர் பொறுமையா வரிசையில நிப்பார். பக்கத்துலயே ஆளுயர வாளோட ஒரு பொண்ணு வாட்டர் பாட்டில்ல தண்ணி குடிச்சுட்டு இருப்பாங்க. ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஆனா, யார் என்ன கேரக்டர்னு ஒரு நொடியில தெரிஞ்சுடும்!

பேர் வெச்ச வருஷம்

காஸ்ட்யூம், ப்ளே ரெண்டு வார்த்தையையும் வெட்டி ஒட்டினா, காஸ்ப்ளே. 1983-ல் 'மை அனிமே' இதழ்ல நொபுயுகி தகஹாஷி என்பவர் இந்தப் பேரை எழுத, அப்படியே ஒட்டிக்கிச்சு. ஆனா, பழக்கம் அதைவிடப் பழசு. 1939-ல் நியூயார்க்ல நடந்த முதல் உலக சயின்ஸ் ஃபிக்ஷன் மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மேனும் மிர்டில் டக்ளஸும் எதிர்கால மனுஷங்க மாதிரி டிரெஸ் போட்டு வந்தாங்க. ரெண்டு டிரெஸ்ஸையும் தைச்சது மிர்டில். பல வருஷம் பேர் வாங்கினது என்னவோ அக்கர்மேன்! குரூப் ப்ராஜெக்ட்ல ராத்திரி முழுக்க வேலை பார்த்துட்டு, வைவால வேற ஆளு மார்க் வாங்கறதைப் பார்த்தவங்களுக்கு இந்த வலி புரியும்.

அதே 1983-ல்தான் 'அனிமேட்' கம்பெனி தன்னோட முதல் கடையை இக்கேபுகுரோவுல திறந்துச்சு. அனிமே, மாங்கா சமாச்சாரம் மட்டுமே விக்கிற கடை. கொஞ்சம் கொஞ்சமா அக்கம்பக்கம் எல்லாம் அதே மாதிரிக் கடைகள். சன்ஷைன் பக்கத்துத் தெரு ஒண்ணுக்கு 'ஒதோமே ரோடு'ன்னே பேர் வந்துடுச்சு. ஒதோமேன்னா இளம்பெண். அகிஹபாரா பசங்க கோட்டைன்னா, இது பொண்ணுங்க கோட்டை. 2006-ல் இந்த ஏரியாவுல 'ஸ்வாலோடெய்ல்'னு ஒரு கஃபே வந்துச்சு. அங்கே கோட்டுப் போட்ட பட்லர் ஒருத்தர், 'வீட்டுக்கு வந்துட்டீங்களா, அம்மணி'ன்னு வணங்கி வரவேற்பார். டீயோட விலையில பாதி அந்த மரியாதைக்குத்தான்!

சிரிக்கலாம். ஆனா, ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. 1989-ல் ஜப்பான்ல ஒரு கொடூரமான தொடர் கொலைகாரன் பிடிபட்டான். அவன் அறையில வீடியோ கேசட்டுகள் குவிஞ்சு கிடந்ததைப் பத்திரிகைகளும் டி.வி-யும் திரும்பத் திரும்பக் காட்டினாங்க. அன்னியிலேர்ந்து 'ஒடாகு'ங்கிற வார்த்தையே வசவாகிப் போச்சு. கார்ட்டூன் பார்க்கிறவன்னா ஒருமாதிரி ஆளுன்னு முத்திரை. அப்படிப்பட்ட காலத்தைத் தாண்டி வந்த ஒரு கூட்டத்துக்கு, தலை நிமிர்ந்து நடக்க ஒரு தெரு கிடைச்சதுங்கறது சின்ன விஷயம் இல்லை.

ரூல்ஸ் ராமானுஜங்கள்!

'வேஷம் போட்டுக்கிட்டு அப்படியே டிரெயின் ஏறிடலாம்'னு நினைச்சா, அவுட்! பெரும்பாலான ஜப்பான் நிகழ்ச்சிகள்ல வீட்டிலிருந்தே காஸ்ட்யூம்ல வரக் கூடாது. சாதாரண டிரெஸ்ல வரணும், கட்டணம் கட்டணும், உடை மாத்துற அறையில மாத்தணும், திரும்பிப் போறப்போ கழட்டிடணும். இப்படி வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்கிற திருவிழா காமிகெட். 1975 டிசம்பர்ல 32 குழுக்கள், சுமார் 700 பேரோட ஆரம்பிச்சது. 2019 டிசம்பர்ல நாலு நாள்ல ஏழரை லட்சம் பேர்! அங்கே ஓர் அழகான கொள்கை. கடை போடுறவங்க, வாங்க வர்றவங்க, கூட்டத்தை ஒழுங்கு பண்ற வாலன்டியர்கள் எல்லாருக்கும் ஒரே பேர்தான்... 'பங்கேற்பாளர்'. வாடிக்கையாளர்னு அங்கே யாருமே கிடையாது.

போட்டோ எடுக்கிறதுக்கும் மரியாதை உண்டு. 'ஷாஷின், ஈ தெஸ் கா?' அதாவது, 'போட்டோ எடுத்துக்கலாமா?' இதைக் கேட்காம கேமராவைத் தூக்கினா, சுத்தி இருக்கிறவங்களே முறைப்பாங்க. கீழே உட்கார்ந்து கண்ட ஆங்கிள்ல எடுத்தா, வாலன்டியர் வந்து வெளியே அனுப்பிடுவார். எடுத்த படத்தை இணையத்துல போடணும்னா அதுக்குத் தனியா ஓர் அனுமதி.

எதுக்கு இவ்வளவு கெடுபிடி? காரணம் இருக்கு. அங்கே நிறைய பேருக்கு ரெண்டு பேர். ஒண்ணு வீட்ல வெச்சது, இன்னொண்ணு தானே வெச்சுக்கிட்ட 'காஸ்ப்ளே பேர்'. அந்தப் பேரை விசிட்டிங் கார்டுல அச்சடிச்சு பரிமாறிக்குவாங்க. சொந்தப் பேர் என்ன, எங்கே வேலை, என்ன சம்பளம்... இதெல்லாம் கேட்கிறது அநாகரிகம். திங்கட்கிழமை காலையில பேங்க் கவுன்ட்டர்ல உட்காரப்போற ஒருத்தரோட படம் ஆபீஸ்ல சுத்த ஆரம்பிச்சா என்ன ஆகும்? அந்தப் பயம் இல்லாம ஒருநாள் பொழுதைக் கழிக்கணும்னா, பக்கத்துல நிற்கிற முன்பின் தெரியாத ஆள் ரூல்ஸை மதிக்கணும். அவ்வளவுதான் மேட்டர். 'இங்கே உன்னை ஏத்துக்கிறோம்'னு யாரும் போர்டு வைக்கிறதில்லை. கேட்டுட்டு போட்டோ எடுக்கிறதுதான் அந்த போர்டு!

காணாமல் போக இருந்த ஊர்

இனிமேதான் கதையோட ட்விஸ்ட். இக்கேபுகுரோ இருக்கிறது டோஷிமா வார்டுல. 2014 மே மாசம் ஜப்பான்ல ஓர் அறிக்கை வெளியாச்சு. 2040-க்குள்ள 20-லிருந்து 39 வயசு வரைக்குமான பெண்கள் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போயிடும்னு கணிக்கப்பட்ட ஊர்களையெல்லாம் 'மறைந்துபோகும் வாய்ப்புள்ளவை'ன்னு பட்டியல் போட்டாங்க. மொத்தம் 896 ஊர்கள். டோக்கியோவோட 23 சிறப்பு வார்டுகள்ல அந்த லிஸ்ட்ல மாட்டினது ஒண்ணே ஒண்ணு... டோஷிமா!

யோசிச்சுப் பாருங்க. இத்தனை லட்சம் பேர் வந்து போற ஸ்டேஷன் இருக்கிற ஊருக்கு, 'உங்க ஊர்ல பொண்ணுங்க இருக்க மாட்டாங்க'ன்னு ரிசல்ட். வார்டு நிர்வாகம் ஆடிப் போச்சு. பெண்கள்கிட்ட கருத்து கேட்டாங்க, குழந்தைகள் காப்பகங்களை அதிகமாக்கினாங்க, பூங்காக்களைப் புதுசாக்கினாங்க. இன்னொரு பக்கம், பல வருஷமா தங்க ஊருக்கே வந்து போயிட்டு இருந்த இந்த அனிமே பொண்ணுங்களைத் திரும்பிப் பார்த்தாங்க.

அதே 2014 அக்டோபர்ல பிறந்ததுதான் 'இக்கேபுகுரோ ஹாலோவீன் காஸ்ப்ளே ஃபெஸ்ட்'. தெருவுல வண்டிகளை நிறுத்திட்டு, வேஷக்காரங்களை நடுரோட்ல நடக்க விட்டாங்க. நாலு சுவத்துக்குள்ள மட்டும்னு இருந்த விஷயம், பழக்கடைக்காரரும் பாட்டியும் வேடிக்கை பார்க்கிற தெருவுக்கு வந்துச்சு. உடை மாத்த இடம், எங்கே நிக்கலாம், எங்கே கூடாதுன்னு மேப், குப்பை பொறுக்க ஆள் எல்லாம் பக்கா.

இதே டோக்கியோவுல ஷிபுயான்னு ஒரு ஏரியா. அங்கேயும் ஹாலோவீன் கூட்டம் உண்டு. ஆனா, யாரும் நடத்தறது கிடையாது, தானா சேரும். 2018-ல் கூட்டம் ஒரு மினி லாரியையே கவிழ்த்துப் போட்டுச்சு. 2019-ல் தெருவுல குடிக்கத் தடை. 2023-ல் அந்த வார்டு மேயர், 'ஹாலோவீனுக்கு தயவுசெஞ்சு ஷிபுயா வராதீங்க'ன்னு கேட்டுக்கிட்டார். அதே நகரம், அதே பண்டிகை. ஓர் இடத்துல 'வாங்க', இன்னோர் இடத்துல 'வராதீங்க'.

2016-ல் இக்கேபுகுரோ விழாவுக்கு ஒரு ஸ்பெஷல் வேஷக்காரர் வந்தார். டோக்கியோவோட முதல் பெண் கவர்னர் யூரிகோ கொய்கே! அந்த வருஷம்தான் பதவிக்கு வந்திருந்தார். போட்டிருந்தது, ஒஸாமு தெசுகா 1953-ல் வரைய ஆரம்பிச்ச 'ரிபோன் நோ கிஷி' மாங்காவோட நாயகி சஃபையர் வேஷம். ஆண் வாரிசு மட்டுமே ஆள முடியும்கிற நாட்டுல, ஆம்பளைப் பையனா நடிச்சு வளர்ற இளவரசி அவ. தெசுகா இளம் வயசுல குடியிருந்த தோகிவா-சோ அபார்ட்மென்ட் இருந்ததும் இதே டோஷிமா வார்டுலதான். 2020-ல் அதை அப்படியே மறுபடி கட்டி மியூசியமாக்கிட்டாங்க. பொம்பளைங்க காணாமப் போயிடுவாங்கன்னு சொன்ன ஊர்ல, ஒரு பெண் கவர்னர் அந்த வேஷத்துல நின்னது செம டைமிங்!

எல்லாம் இனிப்பா?

இல்லை மக்களே. சஃபையர் மாதிரி பொண்ணுங்க ஆண் வேஷம் போட்டா கைதட்டு. ஒதோமே ரோடு கூட்டத்துல அது ரொம்ப சகஜம். பையன் பெண் வேஷம் போட்டா? ஜப்பான்ல நிறைய நிகழ்ச்சிகள்ல அதுக்குத் தடையே இருந்துச்சு. உடை மாத்துற அறை, டாய்லெட் பிரச்னைன்னு காரணம் சொல்வாங்க. வெளியே இருந்து பார்க்கிறவங்க எல்லாரையும் ஒரே மாதிரிதான் சிரிப்பாங்க. உள்ளே இருக்கிறவங்க மட்டும் 'நீ வா, நீ வேணாம்'னு பிரிச்சா எப்படி?

இன்னொரு கேள்வி, நம்மளையும் நேரா தொடுற கேள்வி. கேரக்டர் வெள்ளைத் தோல், மஞ்சள் முடி. நாம மாநிறம். போடலாமா? அமெரிக்காவுல சாகா கம்பர்பேட்ச்னு ஒரு கறுப்பினப் பெண். 'சைலர் மூன்'ல வர்ற மஞ்சள் முடி சைலர் வீனஸா வேஷம் போட்டாங்க. ரசிகர்கள்னு சொல்லிக்கிட்டவங்களே அவங்க நிறத்தையும் மூக்கையும் வெச்சு கேவலமா எழுதினாங்க. அவங்க ஒதுங்கிப் போகலை. 2015 பிப்ரவரியில, 28 நாளும் கறுப்பின காஸ்ப்ளேயர்களோட படங்களைப் போடச் சொல்லி ஓர் இயக்கமே ஆரம்பிச்சாங்க. வரைஞ்ச பொம்மைக்கு ஏது ஜாதி, ஏது நிறம்? அதை முதல்ல வரைஞ்ச ஜப்பான்காரங்களே மஞ்சள் முடியோட பிறக்கிறதில்லையே!

பார்க்ல ஒரு கல்

கிளம்புறதுக்கு முன்னாடி அந்தச் சின்ன பார்க்கை இன்னொரு தடவை பார்த்துடுங்க. ஹிகாஷி இக்கேபுகுரோ சென்ட்ரல் பார்க்னு பேர். ஓரமா ஒரு கல் இருக்கும். நிலையான அமைதி வேண்டும்னு அதுல செதுக்கியிருக்கு. சன்ஷைன் 60 நிக்கிற இதே இடத்துலதான் அந்தக் காலத்து சுகாமோ சிறை இருந்துச்சு. போர்க்குற்றவாளிகள்னு தீர்ப்பான ஏழு பேரை 1948 டிசம்பர் 23-ம் தேதி தூக்கில் போட்டது இங்கேதான். ஒரு காலத்துல யூனிஃபார்மும் வாளும் நிஜமா இருந்த மண்ணு. இப்போ ஃபோம்ல வெட்டி, ஹீட் கன்ல வளைச்சு, சில்வர் பெயின்ட் அடிச்ச வாளை வெச்சுக்கிட்டு ஒருத்தர் 'கொஞ்சம் விக்கை சரி பண்ணி விடுங்களேன்'னு பக்கத்துல இருக்கிறவர்கிட்ட கேட்கறார். அவரும் ஹேர்பின் எடுத்துக் குத்தி விடறார்.

2024 ஏப்ரல்ல அடுத்த அறிக்கை வந்துச்சு. 'மறைந்துபோகும்' ஊர்கள் லிஸ்ட்ல டோஷிமா பேர் இல்லை! அதுக்கு காஸ்ப்ளே மட்டுமே காரணம்னு சொன்னா, குழந்தைகள் காப்பகம் நடத்துறவங்க அடிக்க வருவாங்க. ஆனா, 'எங்க தெருவுல நீங்க நடக்கலாம்'னு சொன்ன ஊருக்கு ஆள் வரத்தானே செய்யும்?

2024 பிப்ரவரியில சென்னை டிரேட் சென்டருக்கே காமிக் கான் வந்துட்டுப் போயிருக்கு. அடுத்த தடவை யாராவது அட்டைக் கவசத்தோட வியர்க்க விறுவிறுக்க நின்னா, 'ஏன்டா இப்படி?'ன்னு ஆரம்பிக்காதீங்க. முதல்ல 'போட்டோ எடுத்துக்கலாமா?'ன்னு கேளுங்க. அப்புறம், 'அந்தக் கவசத்தை எப்படிப் பண்ணினீங்க?'ன்னு கேளுங்க. அரை மணி நேரத்துக்கு அவங்க வாயை மூட முடியாது!