திண்ணைக்கு வந்த கேள்விகள்



எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தறி வேலை. அம்மாவுக்குத் தார் சுற்றும் வேலை. பாடத்தில் சந்தேகம் கேட்க வீட்டில் படித்தவர் எவரும் இல்லை. ஆனாலும் எனக்கு ஆசான்கள் குறைவில்லை. அவர்களில் பலர் முன்பின் தெரியாதவர்கள் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

2019ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள், நம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் காட்சி தந்தார். 1979க்குப் பிறகு அப்போதுதான் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளினார். ஊரெல்லாம் ஜனசமுத்திரம்! வரிசையில் நின்று களைத்தவர்கள் எங்கள் தெருத் திண்ணைகளில் வந்து உட்காருவார்கள். அப்போது நான் ஏழாம் வகுப்பு. சொம்பில் தண்ணீர் கொடுப்பது என் வேலை.

பேச்சு முதலில் சாப்பாட்டில்தான் தொடங்கும். "உங்க ஊர் இட்லியில மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் போடுறீங்களே, ஏன்?" என்பார்கள். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகும் கோயில் இட்லியைப் பற்றி அம்மா சொல்வார். பதிலுக்குக் கோவை அம்மா ஒருவர் அரிசிம்பருப்பு சாதம் செய்யக் கற்றுக்கொடுத்தார். இன்றும் எங்கள் வீட்டில் அது மாதம் இரண்டு தடவை உண்டு!

சாப்பாட்டுப் பேச்சு முடிந்தால் தறிப் பேச்சு. அந்த அம்மாவுடன் வந்த பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, தறிக்கு மேல தொங்குற அட்டையில எதுக்குங்க இத்தனை ஓட்டை?" என்றார். அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார்.

"ஓட்டை இருக்கிற இடத்துல இழையை மேல தூக்கும். இல்லாத இடத்துல தூக்காது. அப்படித்தாங்க பூ விழுது."

பிறந்தது முதல் பார்த்த அட்டை, அன்றுதான் எனக்குப் புதிதாகத் தெரிந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட அப்பா, வாத்தியார் போல விளக்கியதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கணினிப் பொறியியல் டிப்ளமோ சேர்ந்த பிறகு மேலும் அறிந்தேன். பிரெஞ்சுக்காரரான ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய சாதனம் அது. அதே துளை அட்டை முறையைத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தமது கணிப்பொறித் திட்டத்திற்கு எடுத்துக்கொண்டார். துளை உண்டு, துளை இல்லை; ஒன்று, பூஜ்யம். பாதிப் பாடத்தை அப்பா முன்பே நடத்திவிட்டார்!

பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த எழுத்தாளர் சுஜாதா, 'ஜூனியர் விகடன்' இதழில் 'ஏன்? எதற்கு? எப்படி?' பகுதியில் முகமறியா வாசகர்களின் அறிவியல் கேள்விகளுக்கு விடையளித்தார். அதை நூலாகப் படித்தபோது ஒன்று புரிந்தது: கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை, ஆவல் போதும்.

தோழர்களே! நம் வகுப்பில் தறி வீட்டிலிருந்தும் ஏர் வீட்டிலிருந்தும் வந்தவர்கள் பலர். 'கேட்டா சிரிப்பாங்களோ' என்று வாய்மூடி இருக்கிறோம்; அரியர் ஏறுகிறது. படித்த அண்ணன், அக்கா உள்ளவர்கள் இரவில் வீட்டில் கேட்டுக்கொள்வார்கள். நமக்கு அந்த வசதி ஏது? வாயைத் திறப்பது ஒன்றே வழி.

எப்படித் தொடங்குவது என்று தயக்கமா? பக்கத்து பெஞ்சுக்காரரிடம் இன்று என்ன சாப்பாடு என்று கேளுங்கள். சந்தேகம் பின்னாலேயே வரும்.

– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்