ஆலு கோபி



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பாட்டில் தொடங்கிப் பாடசாலையில் முடியும். பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் நாலு பேர். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள். கணிதம், விஞ்ஞானம், வரலாறு, தமிழ் என்று ஆளுக்கொரு பாடம். கலாசாலை முடிந்து சில வருடம் ஒரே பாடசாலையில் கற்பித்தோம். பிறகு இடமாற்றம் வந்து பிரிந்து போனோம். ஆனாலும் சம்பளம் விழுந்த கிழமையில் ஒரு நாள் ஒன்றாக இருந்து சாப்பிடும் வழக்கம் மட்டும் இன்று வரை நிற்கவில்லை.

முன்பெல்லாம் கொத்து ரொட்டிக் கடைதான். புரியாணி கலியாண வீட்டிலேயே கிடைக்கும் என்பதால் அதற்குக் காசு கொடுக்க மனம் வராது. பிரதான வீதியில் இந்தியச் சாப்பாட்டுக் கடை ஒன்று திறந்த பிறகு அங்கே மாறினோம். முதலாளி எங்கள் பக்கத்து ஆள்தான். கட்டாரில் இந்தியச் சமையல்காரர்களோடு பல வருடம் நின்று தொழில் பழகி வந்தவர். டில்லிச் சாப்பாடு எங்கள் ஊருக்கு டில்லியிலிருந்து வரவில்லை. வளைகுடா போய் வந்த பிள்ளைகளின் கையோடுதான் வந்தது.

முதல் நாள் மெனு அட்டையைப் பார்த்து நாங்கள் முழித்த முழி இன்னும் ஞாபகம் இருக்கிறது. தால் மக்கானி, பாலக் பனீர் என்று தமிழில்தான் எழுதியிருந்தார்கள். வாசிக்க முடிந்தது, ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நாலு பேரும் ஆசிரியர்மார். தெரியாது என்று சொல்ல வாய் வராது. விஞ்ஞான சேர் அட்டையில் விரலை வைத்து, "தம்பி, இந்த ஆலு கோபிய மட்டும் கடைசியாக் கொண்டு வாங்க. சாப்பிட்டு முடிய சூடாக் குடிப்பம்" என்றார்.

ஓடர் எடுக்க நின்ற பையன் சிரிக்கவில்லை. குனிந்து, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில், "சேர், அது கோப்பி இல்ல. உருளைக்கிழங்கும் பூக்கோவாவும் போட்ட கறி. நானோட நல்லா இரிக்கும். கொண்டு வரட்டா?" என்றான்.

நாங்கள்தான் பிறகு வயிறு நோகச் சிரித்தோம்.

அன்று அவன் எங்களுக்கு ஒரு பாடமே நடத்தினான். தால் என்றால் எங்கள் பருப்புத்தான். தேங்காய்ப்பால் இல்லாமல் நெய்யில் சீரகம் தாளிப்பது. பனீர் என்றால் சூடான பாலில் தேசிக்காய்ப் புளி விட்டுத் திரைய வைத்து, துணியில் வடித்து, பாரம் வைத்து அமத்தி எடுப்பது. தந்தூரிக் கோழி தயிரில் ஊறுகிறது. நானுக்கு மாக் குழைப்பதும் தயிர் விட்டுத்தான். தயிருக்குப் பேர்போன மாகாணத்தில் பிறந்தும் தயிரில் இவ்வளவு வேலை இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுப்பைக் காட்டவும் கூட்டிப் போனான். மண்ணால் செய்த பெரிய சாடி மாதிரி, உள்ளே கரி நெருப்பு. தட்டிய மாவை உட்சுவரில் அடித்து ஒட்டுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொங்கி வருகிறது. நீளக் கம்பியால் கழற்றி எடுக்கிறார்கள். 1947 பிரிவினையில் பேஷாவர், பஞ்சாப் பக்கமிருந்து அகதிகளாக வந்தவர்கள்தான் டில்லியில் இந்த அடுப்புச் சாப்பாட்டைக் கடைச் சாப்பாடாகப் பிரபலமாக்கினார்கள் என்று வரலாறு சேர் தன் பங்குக்கு ஒரு பாடம் எடுத்தார். பையன் அதையும் கவனமாகக் கேட்டான்.

மேசையில் நாலு பேருக்கும் நாலு பிளேட் வைத்திருந்தான். சஹனில் ஆறு பேர் சுற்றி இருந்து சாப்பிட்டுப் பழகிய எங்களுக்கு அது சரிவரவில்லை. ஒரு பெரிய தட்டுக் கேட்டு வாங்கி, நானைப் பிய்த்து நாலு கையும் ஒன்றாகப் போட்டோம். அடுத்த மாதம் போனபோது நாங்கள் கேட்காமலே பெரிய தட்டோடு வந்தான்.

எங்களை மட்டுமில்லை, எல்லா மேசையையும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. பத்துப் பேர் வந்து பத்து விதமாகச் சொன்னாலும் கையில் கொப்பியும் இல்லை, பேனையும் இல்லை. குசினிக்குள் போய் அப்படியே ஒப்புவிப்பான். ஒன்றும் பிழைக்காது.

மூன்றாவது மாதமோ நாலாவது மாதமோ, கணித சேர் உண்மையான மதிப்போடுதான் கேட்டார். "ஒண்டும் எழுதாம எப்படி மகன் இவ்வளவையும் ஞாபகம் வெக்கிற?"

அவனுடைய முகம் மாறியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். பில் கொண்டு வந்தபோது சொன்னான்.

"சேர், நான் உங்கட பிள்ளதான். தரம் ஒன்பது பி. பின் வாங்கு. எனக்கு எழுத வாசிக்க வராதே, அதான் ஞாபகம் வெக்கிற."

மீசை வளர்ந்த அந்த முகத்தில் பழைய முகத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

தமிழ்ப் பாடத்தில் வரிசையாக எழுந்து உரத்து வாசிக்க வேண்டும். அவனுடைய முறை வரும்போது ஒரு எழுத்தில் விரலை வைத்துக்கொண்டு நிற்பான். பிறகு ஏதோ ஒரு சொல்லைச் சொல்வான். வகுப்பு சிரிக்கும். வகுப்போடு சேர்ந்து ஆசிரியரும் சிரித்த நாட்கள் உண்டு. அந்த ஆசிரியர் எங்களில் ஒருவர். யார் என்று பிரித்துச் சொல்லி மற்ற மூவரும் தப்பிக்க விரும்பவில்லை. கரும்பலகையில் கணக்குப் பிழைத்த பிள்ளையைப் பார்த்தும், ஆண்டு மாறிச் சொன்ன பிள்ளையைப் பார்த்தும் நாலு பேருமே சிரித்திருக்கிறோம். பகிடிதானே என்று நினைத்தோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடின. திரும்பத் திறந்தபோது அவன் வரவில்லை. இடாப்பில் பெயருக்கு மேலே ஒரு கோடு விழுந்தது. கட்டாயக் கல்வி வயதை 2016இல் 16 ஆக உயர்த்தியிருந்தது எங்களுக்குத் தெரியும். அவனுக்கு அப்போது 14. பாடசாலைக்கும் அவன் வீட்டுக்கும் இடையில் நாலு தெருதான். நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

"முதல் நாளே ஏன் சொல்லல்ல மகன்?" என்று கேட்டோம்.

"நீங்க சாப்பிடத்தானே வந்தீங்க சேர்" என்றான்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நாங்கள் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை.

அடுத்த தடவை அவனாகவே வந்து ஒரு உதவி கேட்டான். ஓடர் எல்லாவற்றையும் இனி எழுதித்தான் குசினிக்குக் கொடுக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். எழுதத் தெரியாதென்றால் சட்டி பானை கழுவுகிற பக்கம்தான் போக வேண்டும். அங்கே சம்பளம் குறைவு. "இந்த அட்டைய மட்டும் வாசிக்கப் பழக்கித் தாங்க சேர். வேற ஒண்டும் வாணாம்."

சனிக்கிழமைகளில் பகல் கூட்டம் கலைந்த பிறகு, அஸர் பாங்கு வரை, கடையின் பின்பக்க மேசையில் தொடங்கினோம். பாடப் புத்தகம் மெனு அட்டைதான். எந்த வரியில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடம். ஒலி அவனிடம் இருந்தது, எழுத்தை மட்டும் காட்ட வேண்டியிருந்தது. அவனுக்கு ண, ன, ந மூன்றும் ஒன்று. ல, ள, ழவும் அப்படித்தான். அதைப் பக்கத்தில் இருந்து கவனிக்க ஒன்பது வருடத்தில் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

முதலில் எழுதச் சொன்ன சொல் நான். "திங்கிற நானா, நான் எண்டு சொல்ற நானா சேர்?" என்று கேட்டான். இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தான் என்றதும் அவனுக்குப் பெரிய சந்தோசம். ஒரு பக்கம் முழுக்க நான், நான் என்று எழுதி வைத்திருந்தான்.

இப்போது அட்டை முழுவதும் வாசிக்கிறான். பத்திரிகைத் தலைப்புகளும் மெதுவாக வருகின்றன. முதலாளியும் நல்ல மனிசன், பொறுத்துக்கொண்டார். இனி என்.வி.கியூ சான்றிதழுக்கு முயற்சி செய்கிறோம். சாதாரண தரம் சித்தியடையாதவர்களுக்கும், செய்த வேலையின் அனுபவத்தைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. நைட்டாவிலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ கேட்டால் விபரம் சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் தெருவிலும் கடைகளிலும் இப்படிப் பிள்ளைகள் இருந்தால் சொல்லிக் கொடுங்கள்.

அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். பெயரும் கடையும் வேண்டாம் என்றான். கண்டுபிடித்தாலும் பின்னூட்டத்தில் போடாதீர்கள்.

ஆசிரியர்மாரிடம் ஒன்று மட்டும் கேட்கிறோம். ஒரு பிள்ளை பிழையாக வாசிக்கும்போது வகுப்பு சிரித்தால், நீங்கள் சேர்ந்து சிரிக்காதீர்கள். இடைவேளையில் அந்தப் பிள்ளையைப் பத்து நிமிடம் பக்கத்தில் இருத்துங்கள்.

போன கிழமை போனோம். கொப்பியும் பேனையுமாக வந்து நின்று எங்கள் ஓடரை எழுதினான். எழுதி முடித்து, திருத்துவதற்காக எங்களிடமே நீட்டினான். பட்டர் நான், தால், தந்தூரிக் கோழி எல்லாம் சரி. கடைசி வரியில் "ஆலு கோப்பி" என்று இருந்தது.

"மகன், இதில ப் வராது" என்றார் விஞ்ஞான சேர்.

அவன் கொப்பியைப் பார்த்தான். பிறகு சேரைப் பார்த்தான். இந்த முறை அவன்தான் முதலில் சிரித்தான்.