லைசென்ஸ் அவர் பேரில்... லாக்கர் சாவி யாரிடம்?

சனிக்கிழமை சம்பளம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட் நடத்தும் அந்தப் பொன்னேரிக்காரர் துப்பாக்கி வாங்கியதற்குக் காரணம் இந்த இரண்டு வார்த்தைகள்தான்.

இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது அவரிடம் முப்பது பேர் வேலை பார்த்தார்கள். எல்லோருக்கும் வாரக்கூலி, எல்லாம் ரொக்கம். சனிக்கிழமை மதியம் பொன்னேரி பேங்கில் பணம் எடுத்து, ரெக்சின் பையில் போட்டு, பைக் டேங்க் மேல் வைத்துக்கொண்டு தச்சூர் கூட்டுரோடு தாண்டி ஹைவேயில் ஏறுவார். ஒருநாள் ஒரு வண்டி பின்னாலேயே கவரைப்பேட்டை வரை வந்தது. அப்புறம் எங்கேயோ திரும்பிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை.

திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார். போலீஸ் விசாரணை, வருவாய்த் துறை விசாரணை, ‘உங்களுக்கு என்ன ஆபத்து?’ என்று திரும்பத் திரும்ப அதே கேள்வி. ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்த பிறகுதான் லைசென்ஸ் கைக்கு வந்தது. கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த பாயின்ட் 32 ரிவால்வர். ஆறு குண்டு போடலாம்.

தமிழ்நாட்டில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு. 2016 முடிவில் மத்திய உள்துறை கொடுத்த கணக்குப்படி உத்தரப்பிரதேசத்தில் 12.7 லட்சம் லைசென்ஸ்கள். தமிழ்நாட்டில் சுமார் 22,500 மட்டுமே. அதனால் நம் ஊரில் ஒருவர் ‘கன் லைசென்ஸ் இருக்கு’ என்று சொன்னால் அவரை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். இவர் யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவர், அவர் மனைவி, கம்பெனி கணக்குப்பிள்ளை.

முதல் சில வருஷம் துப்பாக்கி வீட்டு பீரோவில்தான் இருந்தது. மகளுக்குக் கல்யாணமாகி, பேரன் நடக்க ஆரம்பித்து, பீரோ கதவைப் பிடித்துத் தொங்கத் தொடங்கியதும் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “ஏங்க, ஒண்ணு அது இந்த வீட்ல இருக்கணும், இல்ல புள்ள இருக்கணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

துப்பாக்கி கம்பெனிக்கு இடம் மாறியது.

கம்பெனி ரூமில் பழைய இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. செக் புக், ரப்பர் ஸ்டாம்ப், வண்டிகளின் ஆர்.சி. புக், சில்லறைச் செலவுக்கான பணம் எல்லாம் அதில்தான். துப்பாக்கியும் ஒரு துணிப்பையில் அதற்குள் போனது. அந்தப் பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம். இன்னொன்று கணக்குப்பிள்ளையிடம். தினமும் டீ செலவிலிருந்து லாரி வாடகை வரை பணம் எடுத்துக் கொடுப்பவர் அவர்தானே. அப்பா காலத்திலிருந்தே இருக்கும் மனிதர், முதலாளியைத் ‘தம்பி’ என்று கூப்பிடும் உரிமை உள்ளவர். ஒரு ரூபாய் கணக்கு இடித்ததில்லை. அவரிடம் சாவி இருப்பது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. பல வருஷம் இப்படியே ஓடியது.

அதற்குப் பிறகுதான் மும்பைச் செய்தி வந்தது.

2024 பிப்ரவரி 8. மும்பையின் தஹிசர் பகுதி. மோரிஸ் நோரோனா என்பவர், சிவசேனா உத்தவ் அணியைச் சேர்ந்த முன்னாள் கவுன்சிலர் அபிஷேக் கோசால்கரைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். இருவருக்கும் பழைய பகை. சமாதானமாகிவிட்டோம் என்று ஊருக்குச் சொல்ல ஃபேஸ்புக் லைவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். லைவ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோசால்கர் சுடப்பட்டார். கொஞ்ச நேரத்தில் நோரோனாவும் தன்னைச் சுட்டுக்கொண்டார். இரண்டு பேருமே இறந்துபோனார்கள்.

அந்தத் துப்பாக்கி நோரோனாவுடையது இல்லை. அவரிடம் பாடிகார்டாக வேலை பார்த்தவருடையது. உத்தரப்பிரதேசத்தில் முறையாக லைசென்ஸ் வாங்கிய, சொந்தத் துப்பாக்கி. வேலை முடிந்து போகும்போது அதை அலுவலக லாக்கரில் வைத்துவிட்டுப் போவது வழக்கம் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. சம்பவத்தில் சுட்டது அவர் இல்லை. ஆனாலும் ஆயுதச் சட்டத்தின்கீழ் கைதானார். பின்னர் மும்பை உயர் நீதிமன்றம் இந்த வழக்கையே சி.பி.ஐ-க்கு மாற்றியது.

இந்தச் செய்தியை ஆயிரக்கணக்கானவர்கள் அரசியல் கொலை என்று படித்துவிட்டுக் கடந்திருப்பார்கள். கும்மிடிப்பூண்டியில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தவருக்கு ‘அலுவலக லாக்கர்’ என்ற வார்த்தை மட்டும்தான் கண்ணில் நின்றது. நிமிர்ந்து பார்த்தார். எதிரே கணக்குப்பிள்ளை பெட்டியைத் திறந்து, துணிப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு, லாரிக்காரருக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாளே பொன்னேரி கோர்ட்டில் தெரிந்த வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தார். “கம்பெனியில வைக்கலாமா, கூடாதா?” என்பதுதான் கேள்வி.

“லைசென்ஸ் உங்க பேருக்கு சார். உங்க இரும்புப் பெட்டிக்கு இல்ல” என்றார் வக்கீல்.

விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவு, லைசென்ஸ் இல்லாத ஒருவர் துப்பாக்கியை வைத்திருக்கவே கூடாது என்கிறது. சின்ன விலக்கு ஒன்று உண்டு. ரிப்பேருக்கோ, லைசென்ஸ் புதுப்பிக்கவோ, உரிமையாளரின் உபயோகத்துக்கோ இன்னொருவர் எடுத்துப் போகலாம். அதற்கும் உரிமையாளர் கூடவே இருக்க வேண்டும், அல்லது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ‘நம்ம ஆள்தானே’ என்பது எழுதிக் கொடுத்ததாக ஆகாது.

சரி, ‘வைத்திருப்பது’ என்றால் என்ன? இடுப்பில் சொருகியிருப்பதா? 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் சொன்னது. கையில் இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. அது அங்கே இருக்கிறது என்ற அறிவும், அதன் மேல் கட்டுப்பாடும் இருந்தாலே போதும், அதுவும் வைத்திருப்பதுதான். இந்த விளக்கத்தை அந்த இரும்புப் பெட்டிக்குப் பொருத்திப் பாருங்கள். முதலாளி பொன்னேரி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் துப்பாக்கி அவர் வசம்தான். ஆனால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து, சாவியும் வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை? லைசென்ஸ் இல்லாத அவரும் அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுகிறார். வைத்திருக்கத் தகுதியில்லாதவரிடம் துப்பாக்கியைக் கொடுப்பதற்கு 29-வது பிரிவு. லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் 30-வது பிரிவு. அதற்கு ஆறு மாதம் வரை சிறை.

போதாக்குறைக்கு எல்லைச் சிக்கல் வேறு. இந்தப் பகுதியில் மீஞ்சூர், சோழவரம் எல்லாம் ஆவடி போலீஸ் கமிஷனரேட்டில் வருகின்றன. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மாவட்ட போலீஸில் இருக்கிறது. மீஞ்சூரில் வீடு, சிப்காட்டில் கம்பெனி என்று தினமும் மின்சார ரயிலில் போய்வருகிறவர்கள் எத்தனையோ பேர். ரயிலுக்கு நாலைந்து ஸ்டேஷன்தான், ஃபைலுக்கு அது வேறு எல்லை. அதனால் துப்பாக்கியை வழக்கமாக எங்கே வைக்கிறோம் என்பதை லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, கடிதம் பெற்றதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார் வக்கீல். போகும்போதும் வரும்போதும் உறையில், வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். பைக் டேங்க் கவரில் போட்டுவிட்டு டீ குடிக்க இறங்குவதெல்லாம் கூடவே கூடாது.

அமெரிக்காவில் இந்த விவகாரம் தலைகீழாக நடக்கிறது. அங்கே வேலைக்கு வருகிறவர்கள் காரில் துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டு உள்ளே போகலாம், முதலாளி தடுக்கக் கூடாது என்று ஓக்லஹோமா மாகாணம் 2004-லும், ஃபுளோரிடா 2008-லும் சட்டமே போட்டன. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். நம் சிப்காட்டில் கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்!

பொன்னேரிக்காரர் புதிதாக ஒரு சின்ன லாக்கர் வாங்கினார். சுவரில் போல்ட் போட்டு முடுக்கினார். நம்பர் அவருக்கு மட்டும்தான் தெரியும். துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்துத் தனியாகப் பூட்டினார். இதெல்லாம் ஒரு மதிய நேரத்து வேலை. கஷ்டமாக இருந்தது வேறு.

“என்ன தம்பி, புதுசா பெட்டி?” என்றார் கணக்குப்பிள்ளை.

“அதை இதுல மாத்திட்டேண்ணே.”

“சாவி?”

“நம்பர் லாக்குண்ணே. என்கிட்ட மட்டும்தான்.”

கணக்குப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது பழைய பெட்டியின் சாவியையும் மேஜை மேல் வைத்துவிட்டார். “இதையும் நீங்களே வெச்சுக்கங்க தம்பி. நாளைக்கு நூறு ரூபா குறைஞ்சாலும் என்னையத்தானே கேப்பீங்க.” முப்பது வருஷத்தில் அவர் முதலாளியை ‘நீங்க’ என்று சொன்னது அன்றுதான்.

மறுநாள் மும்பைச் செய்தியைப் போனில் காட்டி, சட்டத்தைச் சொல்லி, “மாட்டினா உன்னையும்தாண்ணே இழுப்பாங்க, அதுக்குத்தான்” என்று எவ்வளவோ விளக்கினார். கணக்குப்பிள்ளைக்குப் புரியாமல் இல்லை. சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனால் அந்தச் சின்ன லாக்கர் இருக்கும் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். அதன் மேல் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக்கூட எதிர்ச் சுவருக்கு மாற்றிக்கொண்டார்.

அடுத்த மாதமே தேர்தல் வந்துவிட்டது. மார்ச் 16-ம் தேதி அறிவிப்பு. தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். பேங்க் பாதுகாவலர்கள், துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. இவர் வரிசையில் நின்று கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். குண்டுகளையும் எண்ணிச் சரிபார்த்தார். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. அந்த ஜூன் மாதம் நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ-வுமான கருணாஸின் கைப்பையில் சென்னை விமான நிலையத்தில் 40 தோட்டாக்கள் கிடைத்தன. லைசென்ஸ் இருந்தது. துப்பாக்கியைத் தேர்தலுக்காக ஏற்கெனவே ஒப்படைத்திருந்தார். பையில் தோட்டாக்கள் மட்டும் தங்கிவிட்டன!

ஜூன் 4-ல் ஓட்டு எண்ணும் வரை ரிவால்வர் ஸ்டேஷனில் இருந்தது. அந்த இரண்டரை மாதத்தில் கம்பெனியில் என்ன குறைந்தது என்று யோசித்துப் பார்த்தார். எதுவும் குறையவில்லை. சனிக்கிழமை ரொக்கப் பையே இப்போது கிடையாதே! 2016 நவம்பர் பணமதிப்பிழப்புக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருக்கும் பேங்க் கணக்கு திறந்தாகிவிட்டது. தொழிலாளியிடம் எழுதி வாங்காமலே சம்பளத்தை பேங்க்கில் போடலாம் என்று 2017-ல் சட்டமும் திருத்தப்பட்டது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களுக்கு பட்டனைத் தட்டினால் சம்பளம் போய்விடுகிறது. எந்தப் பைக்காகத் துப்பாக்கி வாங்கினாரோ, அந்தப் பை போய் எட்டு வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு ஆயுதத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பயந்து பயந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்ப வீட்டுக்கே கொண்டுபோகலாமா என்று ஒரு யோசனை வந்தது. அந்த அக்டோபர் முதல் தேதி காலையில் இந்தி நடிகர் கோவிந்தா, தன் வீட்டில் லைசென்ஸ் ரிவால்வரை அலமாரியில் வைக்கப் போனபோது அது கைதவறி விழுந்து வெடித்து, காலில் குண்டு பாய்ந்தது. டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது மனைவி இவரைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

2019 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தம், லைசென்ஸ் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக்கியது. அதனால் அடிக்கடி ஆபீஸ் படியேற வேண்டியதில்லை. ஆனால் அடுத்த புதுப்பிப்பு நெருங்கியபோது, ‘உங்களுக்கு என்ன ஆபத்து?’ என்ற அதே கேள்வி வருமே என்று ஒரு பேப்பரை எடுத்து எழுதிப் பார்த்தார். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. எழுதிய இரண்டு வரியும் பழைய மனுவிலிருந்து பார்த்து எழுதியவை.

விற்றுவிட முடிவு செய்தார். அதற்கும் முறை இருக்கிறது. லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் விற்க வேண்டும். விற்கப்போகும் விவரத்தைக் கலெக்டருக்கோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷன் அதிகாரிக்கோ எழுதிக் கொடுத்து, குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை துப்பாக்கி அவர் பொறுப்பு. லாக்கர் நம்பரும் அவரிடம் மட்டும்தான்.

கடிதத்தை டைப் செய்து கொடுத்தவர் கணக்குப்பிள்ளை. துப்பாக்கி நம்பர், லைசென்ஸ் நம்பர், வாங்குபவர் விவரம் எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்தார். முத்திரை குத்திய நகல் வந்ததும், ஃபைலில் போடுவதற்கு முன் காலண்டரில் நாள் எண்ணினார்.

“45-வது நாள் ஞாயித்துக்கிழமை வருது தம்பி. திங்கக்கிழமையே போயிட்டு வந்துடு” என்றார்.