சுண்டுவிரல் ஓரம்

பிள்ளைகள் வந்து செருப்பைக் கழற்றிப் போட்டதும் நான் முதலில் பார்ப்பது செருப்பைத்தான். பெருவிரல் அழுந்தும் இடம் குழிந்து கறுத்திருக்கும். சுண்டுவிரல் பக்கம் கடையில் வாங்கிய அன்றைய நிறத்திலேயே கிடக்கும். நடக்க அது போதும். ஸ்கேட்டிங்கில், அதுவும் ஸ்பிரின்டில், வளைவு பிடிக்க இடது காலின் அந்தத் தேயாத பக்கம்தான் சோறு போடும்.

கேரளப் பக்கப் பாறசாலையில் எங்கள் சக்கர ஸ்கேட்டிங் பயிற்சிக்கு வாய்த்தது ஒரு பள்ளியின் கூடைப்பந்துத் தரை. சிமென்ட், மழைக்காலத்தில் பாசி. நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்தும், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளையிலிருந்தும் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். விழும்போது மட்டும் எல்லோரும் ‘அம்மே’ என்றுதான் கத்துகிறார்கள்.

இந்தத் தரையின் நீளம் 28 மீட்டர். பனித்தரையில் நடக்கும் ஷார்ட் டிராக் ஓட்டத்தின் அளவுகளை முதன்முதலாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சுற்று 111.12 மீட்டர், அதில் இரண்டு நேர்ப்பகுதிகள், ஒவ்வொன்றும் 28.85 மீட்டர். உலகப் போட்டியில் ஓடும் பெண்ணுக்கும் எங்கள் தரையைவிட ஒரு எட்டுதான் கூடுதல்! 500 மீட்டர் என்றால் நாலரைச் சுற்று, ஒன்பது வளைவு. தேர்ந்தவர்கள் 42, 43 வினாடியில் முடித்துவிடுகிறார்கள். நேரில் சில எட்டு வைப்பதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். அங்கே உடலை வெளியே தள்ளும் விசை அவளுடைய எடையைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. அவள் இடப்பக்கம் சாய்ந்து, விரல்நுனியால் பனியைத் தொட்டுக்கொண்டே போவாள். கையுறையின் விரல்நுனிகள் அதற்கென்றே கெட்டியாக இருக்கும். டிவியில் பார்ப்பவர்கள் கையை ஊன்றுகிறாள் என்று நினைக்கிறார்கள். கரண்ட் போன ராத்திரியில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்போமே, அந்த அளவுக்குத்தான் கைக்கு வேலை. தாங்குவது பிளேடு.

வளைவில் வலது கால் இடது காலைத் தாண்டி முன்னால் விழும். அந்த நேரத்தில் இடது கால் சும்மா இருக்கக்கூடாது. உடம்புக்கு அடியிலேயே, வெளி ஓரத்தால், வலப்பக்கமாக உந்த வேண்டும். வலது காலின் உந்தல் கண்ணுக்குத் தெரியும், போட்டோவில் விழும். இடது காலுடையது மறைவில் நடக்கிறது. அதனால் புதிதாக வருகிறவர்கள் அதைக் காலைத் தூக்கி மாற்றி வைக்கும் வேலை என்றே நினைக்கிறார்கள். சுற்றில் கிட்டத்தட்டப் பாதி வளைவு. அந்தப் பாதியை ஒற்றைக் காலால் ஓட்டிப் பிழைக்க முடியாது.

2025 ஆகஸ்டில் டேராடூன் ஹிமாத்ரி அரங்கில் ஆசிய ஓபன் ஷார்ட் டிராக் போட்டி நடந்தது. போய்ப் பார்த்தேன். வெளியே மழை, உள்ளே சால்வைக்குள் நடுக்கம். ஓட்டத்துக்குச் சமமாக எனக்குப் பிடித்தது இடைவேளை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வளைவில் ஊற்றுகிறார்கள். பிளேடு கீறிய தடங்களில் அது இறங்கி உறைகிறது. பிறகு வளைவைக் குறிக்கும் கறுப்புக் கட்டைகளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து, புண்படாத பனியில் அடுத்த ஓட்டம். எங்கள் சக்கரங்கள் இரையும். பிளேடு சரட், சரட் என்று சீவுகிறது. அதைக் கேட்டதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா ரப்பர் வெட்டுக்காரர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். பட்டை சீவும் சத்தத்திலேயே கத்தி மழுங்கியதைச் சொல்லிவிடுவார். ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும், மேலோடு போனால் பால் வராது. பனி பிளேடும் அப்படிப்பட்ட சாமான்தான். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம், இரண்டு பக்கமும் கூரான ஓரம். கல்லில் தீட்டியதும் ஓரத்தில் ஒரு பிசிறு நிற்கும். அதை எடுக்காமல் இறங்கினால் பிடி கிடைக்காது. ஷார்ட் டிராக்கில் பிளேடை ஷூவின் நடுவே வைப்பதில்லை, இடப்பக்கம் தள்ளிப் பொருத்துகிறார்கள், சாயும்போது ஷூ பனியில் இடிக்காமலிருக்க. வளைவின் போக்குக்குப் பிளேடையே லேசாக வளைத்தும் வைக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு நான் போனில் காட்டுவது 2014 சோச்சி ஒலிம்பிக்கின் பெண்கள் 500 மீட்டர் இறுதி. நான்கு பேர். பிரிட்டனின் எலிஸ் கிறிஸ்டி உள்பக்கமாக நுழையப் பார்த்து இத்தாலியின் அரியன்னா ஃபொன்டானாவோடு மோத, கொரியாவின் பாக் சுங்-ஹியும் சேர்ந்து விழுந்தார். கடைசியில் வந்துகொண்டிருந்த சீனாவின் லி ஜியான்ரோ தங்கத்தோடு போனார். முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் இதே ஓட்டத்தை வென்ற வாங் மெங் காயத்தால் சோச்சிக்கு வரவேயில்லை. லியை யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை. குருட்டு அதிர்ஷ்டம் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. முன்னால் மூன்று பேர் சரியும்போது பின்னால் வருகிறவளும் பதறி விழுவதுதான் வழக்கம். நிற்பதும் ஒரு வித்தைதான். ஆனால் பிள்ளைகள் லியைப் பார்ப்பதில்லை. எழுந்த வேகத்தில் மறுபடி விழுந்து, மறுபடி எழுந்து வெண்கலத்துக்கு ஓடிய பாக்கைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள்.

பனி எங்கள் ஊருக்கு வரப்போவதில்லை, எங்களுக்குச் சக்கரம்தான். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில், ரோலர் ஸ்கேட்டிங் 3000 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் வாங்கிய நான்கு பெண்களில் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரிராஜும் தமிழ்நாடு. களியக்காவிளைப் பிள்ளைகளுக்கு அதில் பெருமை பிடிபடாது. ‘எங்க வீட்டுலயும் தமிழ்தானே’ என்று பாறசாலைக்காரிகள் பங்கு கேட்பார்கள். போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது ஒரு கூட்டம் திருவனந்தபுரம் பக்கம், மற்றது நாகர்கோவில் பக்கம். 1956-ல் மாநில எல்லையாகப் போட்ட கோடு.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வலது கால் பிரமாதம், இடது கால் விருந்தாளி. ஆறு மாதம் அவளை வெறுங்காலில் நிறுத்தி, இடுப்பில் பெல்ட் கட்டி, மறுமுனையை நான் இழுத்துப் பிடிக்க, சாய்ந்தபடி குறுக்கெட்டு வைக்கச் சொன்னேன்.

“டீச்சரே, காலு மடங்குது.”

“மடங்கட்டும் மக்ளே. சுண்டுவிரலை விட்டுராத.”

மாதக் கடைசியில் சக்கரங்களைக் கழற்றித் திருப்பிப் போடுவோம். எப்போதும் உள்பக்கம்தான் தேய்ந்திருக்கும். போன மாதம் அவளுடைய இடது ஷூவைக் கையில் எடுத்தேன். நான்கு சக்கரங்களும் வெளிப்பக்கம் சரிந்து தேய்ந்திருந்தன. ஆலன் கீயைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

முகம் சுருங்கிவிட்டது அவளுக்கு. “புதுசு வாங்கணுமா டீச்சரே?” என்றாள்.