ருசி பார்க்காமல் சமைக்கும் காஞ்சிபுரம் குடலை இட்லி: 20-க்கு எத்தனை மார்க் போடலாம்?

காஞ்சிபுரம் என்றதும் நினைவுக்கு வருவது பட்டும் கோயிலும். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை பரப்பி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கும் குடலை இட்லி. வரதராஜப் பெருமாளுக்குத் தினமும் நைவேத்தியமாகும் இந்த இட்லியைத்தான் ஊர் உலகம் 'காஞ்சிபுரம் இட்லி' என்கிறது. ஆனால் அந்தப் பெயரில் இன்று எதெல்லாமோ தட்டில் வந்து விழுகிறது. எது அசல், எது பெயருக்கு மட்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு ஒரு வழியை ஒயின் சுவைஞர்களிடம் கடன் வாங்கலாம்.

அர்ஜென்டினாவில், ஆண்டீஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது மெண்டோசா. மால்பெக் என்ற சிவப்பு ஒயினுக்குப் பெயர் போன ஊர். வடக்கே சால்டா பகுதியின் கஃபயாட்டேவில் டொரண்டெஸ் என்ற வெள்ளை ஒயின் பிரபலம். இவற்றுக்கு மதிப்பெண் போடும் சுவைஞர்கள் எடுத்தவுடன் குடித்துவிட மாட்டார்கள். முதலில் கோப்பையைச் சாய்த்து நிறம் பார்ப்பார்கள். பிறகு மணம். அப்புறம் ஒரு வாய், நாக்கில் புரட்டிச் சுவை. விழுங்கிய பிறகும் வாயில் எவ்வளவு நேரம் ருசி நிற்கிறது என்று கவனிப்பார்கள். கடைசியில்தான் மார்க். இன்று 100 மதிப்பெண் முறை பிரபலம் என்றாலும், அமெரிக்காவின் டேவிஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய 20 மதிப்பெண் முறைதான் அதற்கு மூத்தது.

ஒயினும் இட்லியும் தூரத்துச் சொந்தம் என்றும் சொல்லலாம். இரண்டுமே புளிக்க வைத்துச் செய்பவை. அங்கே ஈஸ்ட் திராட்சையின் சர்க்கரையை மதுவாக்குகிறது. இங்கே லியூகோனாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் மாவைப் புளிக்க வைத்துப் பொங்கச் செய்கின்றன.

மதுவும் கண்ட ஊர்

காஞ்சிக்கு மதுவின் கதையும் புதிதல்ல. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற சம்ஸ்கிருத நகைச்சுவை நாடகத்தை எழுதினான். கதை நடப்பது காஞ்சி வீதிகளில். குடித்துவிட்டுத் தள்ளாடும் சத்யசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமாவும்தான் நாயகன், நாயகி. மதுக்கடையை யாகசாலையோடு ஒப்பிட்டு அவன் பேசுவது நாடகத்தின் புகழ்பெற்ற இடம். அவனுடைய கபாலப் பாத்திரம் காணாமல் போக, நாகசேனன் என்ற பௌத்தத் துறவி மீது பழி விழுகிறது. கடைசியில் பார்த்தால் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்! தன் தலைநகரத்தையே மேடையாக்கி ராஜாவே கேலி செய்திருக்கிறான்.

சுவையைப் பற்றிய நம்பிக்கைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தின் நான்கு கிளைகளும் நான்கு வேதங்கள் என்றும், ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு சுவையில் கனி காய்க்கும் என்றும் ஐதீகம்.

குடலைக்குள் என்ன இருக்கிறது?

பேருந்து நிலையத்திலிருந்து சில கிலோமீட்டரில் சின்ன காஞ்சிபுரம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான வரதராஜப் பெருமாள் கோயில் இங்குதான். அத்திகிரி என்ற பெயரும் உண்டு. 2019-இல் ஜூலை 1 முதல் 48 நாள் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே எழுந்தருளியபோது ஊரே திணறியது நினைவிருக்கும். 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் வைபவம் அது. இட்லியோ தினசரி வைபவம்.

மடப்பள்ளியில் பச்சரிசியும் உளுந்தும் ஊறவைத்து, நைசாக இல்லாமல் ரவை பதத்தில் அரைக்கிறார்கள். மாவு புளித்ததும் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் எல்லாம் சேர்கின்றன. நீள உருளை வடிவ மூங்கில் குடலையின் உள்ளே மந்தாரை இலையைச் சுற்றிலும் பரப்பி, மாவை ஊற்றி, பெரிய பாத்திரத்தில் வைத்து ஆவி காட்டுகிறார்கள். சாதாரண இட்லி பத்து நிமிடத்தில் வெந்துவிடும். குடலை இட்லிக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். முழு இட்லி ஒன்று சுமார் ஒன்றரை கிலோ தேறும். அதைத் துண்டு போட்டுத்தான் கொடுக்க முடியும்.

கவனித்தீர்களா? மிளகாய் இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர்கள் வந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்குள் நுழைந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். கோயில் மடப்பள்ளிகள் பலவும் அந்தப் பழைய வழியை விடவில்லை. குடலை இட்லியின் ஒரு துண்டைக் கடித்தால், மிளகாய் வருவதற்கு முந்தைய தமிழ்ச் சமையலின் காரம் நாக்கில் தெரியும்.

இட்லியின் வரலாறும் நீளமானது. சிவகோட்யாசாரியர் கன்னடத்தில் எழுதிய 'வட்டாராதனே'யில், கி.பி. 920 வாக்கிலேயே 'இட்டலிகே' என்ற பெயர் வருகிறது. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரனின் 12-ஆம் நூற்றாண்டு நூலான 'மானசோல்லாச'த்தில் 'இட்டரிகா' இருக்கிறது. ஆனால் அந்தக் கால இட்லியில் உளுந்து மட்டும்தான், அரிசி சேர்ந்தது பிற்பாடுதான் என்கிறார் உணவு வரலாற்று ஆய்வாளர் கே.டி. அச்சயா.

சமைப்பவர் ருசி பார்ப்பதில்லை

ஒயின் உலகத்துக்கும் இந்த மடப்பள்ளிக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. மெண்டோசாவில் ஒயின் தயாரிப்பவர் ஒவ்வொரு கட்டத்திலும் ருசி பார்க்கிறார். பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, சுவைத்து, பக்குவம் சொல்கிறார். மடப்பள்ளியில் அது நடக்கவே நடக்காது. பெருமாளுக்குப் படைக்கும் முன் நைவேத்தியத்தை யாரும் வாயில் வைக்கக் கூடாது. முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது என்பது மரபு. உப்பு சரியா, மிளகு போதுமா, மாவு அதிகம் புளித்துவிட்டதா என்று நாக்கைக் கேட்க வழியில்லை.

அப்படியென்றால் தினமும் அதே ருசி எப்படி வருகிறது?

அளவு, கை, கண், நேரம். இந்த நான்கும்தான் அங்கே நாக்கு. அரிசிக்கும் உளுந்துக்கும் மாறாத அளவு. அரைத்த மாவை விரல்களுக்கு நடுவே தேய்த்தால் தெரியும் பதம். மாவு பொங்கியிருக்கும் உயரம் சொல்லும் புளிப்பு. எப்போது இறக்க வேண்டும் என்ற பழக்கம். வருஷக்கணக்காகப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் இது கைவரும். பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் கரையையும் உடலையும் கோர்வை போட்டு இணைக்கும் நெசவாளருக்கு இழை விரலிலேயே பேசுவது போலத்தான் இதுவும்.

சமைத்தவர் போடாத மதிப்பெண்ணைச் சாப்பிடுபவர் போட வேண்டியிருக்கிறது.

20 மதிப்பெண் கணக்கு

*தோற்றம் - 3:* மல்லிகைப்பூ வெண்மையை எதிர்பார்க்காதீர்கள். நல்ல குடலை இட்லி லேசான பழுப்பு கலந்திருக்கும். வெளிப்பக்கம் இலையின் தடம் பதிந்திருக்க வேண்டும். வெட்டிய முகத்தில் மிளகும் சீரகமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மஞ்சள் நிறம் தூக்கலாக இருந்தால் மஞ்சள்தூள் கைவரிசை.

*மணம் - 5:* முதலில் இலை வாசம், அடுத்து நெய், பின்னால் சுக்கும் பெருங்காயமும். மந்தாரை இலையின் வாசம் வேறெந்த இட்லியிலும் வராது. அது இல்லையென்றால் இரண்டு மார்க்கைத் தயங்காமல் குறைக்கலாம்.

*பதம் - 5:* பஞ்சு போல இருக்க வேண்டும் என்பது மற்ற இட்லிக்கான விதி. இதற்கு அடர்த்திதான் அழகு. விரலால் பிட்டால் கொரகொரவென்று உதிர வேண்டும். ஒட்டவும் கூடாது, களியாகவும் கூடாது.

*ருசி - 5:* புளிப்பு, உப்பு, காரம் மூன்றும் ஒன்றையொன்று அமுக்கக் கூடாது. சாம்பார், சட்னி தொடாமல் முதல் வாய் சாப்பிட்டால்தான் இது தெரியும்.

*பின்சுவை - 2:* விழுங்கிய பிறகு தொண்டையில் சுக்கும் மிளகும் மெல்லச் சூடேற்ற வேண்டும். ஒரு நிமிடம் நின்றால் முழு மார்க்.

யாருக்கு எவ்வளவு?

கோயில் பிரசாதமாகக் கிடைக்கும் குடலை இட்லிக்குத் தோற்றம், மணம், பின்சுவை மூன்றிலும் போட்டியே இல்லை. காலையில் சூடு ஆறாமல் கிடைத்தால் 18, 19 தாராளமாகப் போடலாம். நேரமானால் இறுகிவிடும். பதத்தில் ஒன்றிரண்டு குறையும். பிற்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

ஓட்டல்களில் கிடைப்பது பெரும்பாலும் டம்ளர் இட்லி. குடலைக்குப் பதில் டம்ளர், மூன்று மணி நேரத்துக்குப் பதில் அரை மணி நேரம். மாவைப் புளிக்க வைத்து, மிளகு சீரகத்தை ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டு, நெய்யில் கஞ்சத்தனம் இல்லாமல் செய்தால் 13, 14 வரை வாங்கிவிடும். இலை வாசம் மட்டும்தான் குறை.

மூன்றாவது வகைதான் வில்லங்கம். மிச்சமான சாதாரண இட்லி மாவில் கொஞ்சம் மிளகு, முந்திரி, கேரட் துருவல் போட்டுத் தட்டில் ஊற்றினால் அதுவும் மெனு கார்டில் 'காஞ்சிபுரம் இட்லி'. பசிக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கணக்கில் 7, 8-ஐத் தாண்டாது.

இதைச் சொல்வது ஓட்டல்களைக் குறை கூற அல்ல. மூன்று மணி நேரம் அடுப்பை எரித்து, குடலை முடைய ஆள் தேடி, மந்தாரை இலை வாங்கி இட்லி விற்றால் கட்டுப்படியாகாது. கோயிலுக்கு லாபக் கணக்கு இல்லை என்பதால்தான் அங்கே பழைய முறை தப்பித்திருக்கிறது. வெளியே சாப்பிடுபவர்கள் தட்டு இட்லியையே அசல் என்று நம்பிவிட்டால், குடலை முடைபவருக்கும் இலை தைப்பவருக்கும் வேலை கொடுக்க ஆள் குறைந்துகொண்டே போகும். பட்டுப்புடவை வாங்கும்போது சரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'இது காஞ்சிபுரம்தானா?' என்று நான்கு தடவை கேட்கிறோம். அந்தக் கேள்வியை இட்லித் தட்டைப் பார்த்தும் கேட்கலாம். தப்பில்லை.

வீட்டில் செய்ய

குடலை கிடைக்காதவர்கள் வீட்டிலேயே 14 மார்க் வாங்கலாம். பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து தலா ஒரு டம்ளர். மூன்று மணி நேரம் ஊறவைத்து, கொரகொரப்பாக அரைத்து, உப்பு போட்டு இரவு முழுக்கப் புளிக்க விடுங்கள். காலையில் ஒரு கரண்டி தயிர், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகும் சீரகமும் தலா ஒரு டீஸ்பூன், அரை டீஸ்பூன் சுக்குப்பொடி, பெருங்காயம், கறிவேப்பிலை, இரண்டு டேபிள்ஸ்பூன் நெய், அதே அளவு நல்லெண்ணெய் சேருங்கள். எண்ணெய் தடவிய டம்ளரில் முக்கால் பாகம் ஊற்றி, 25 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். மந்தாரை இலை கிடைக்காவிட்டால் வாழை இலையை டம்ளருக்குள் சுற்றி வைக்கலாம். மணம் வேறுதான், ஆனாலும் ஒரு மார்க் கூடும். தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் போதும்.

எப்படிப் போகலாம்?

சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். பேருந்துகள் நிறைய. செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில் ரயிலும் உண்டு. விடிகாலையில் கிளம்பினால் காலைப் பொழுதிலேயே வரதரைச் சேவித்து, நூற்றுக்கால் மண்டபத்தின் ஒற்றைக் கல்லில் செதுக்கிய சங்கிலியைப் பார்த்துவிட்டு, பிரசாதம் வாங்கிக்கொள்ளலாம். தேங்காயும் வெங்காயமும் சேராததால் ஊர் திரும்பும் வரை இட்லி கெடாது. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு துண்டு கட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் போடும் மார்க்குக்கு மேல்முறையீடு கிடையாது!