பனிமலைக்கு ஒரு பயணத் திட்டம்

புத்தூர் என்று என் ஊரின் பெயரைச் சொன்னால், கேட்பவர்கள் உடனே எலும்பு முறிவைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். புத்தூர்க் கட்டின் புகழ் அப்படி. ஆகவே, குளிர்காலத்தில் இமயமலைக்குப் போகிறேன் என்று விடுதியில் நான் சொன்னபோது, "உனக்கென்ன கவலை? விழுந்தால் வைத்தியம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது" என்று நண்பர்கள் நகைத்தனர்.

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில் கிப்பர் என்னும் சிற்றூர் இருக்கிறது. குளிர்காலத்தில் வரையாடு போன்ற மலை விலங்குகள் இரை தேடிக் கீழே இறங்கும். அவற்றைத் தொடர்ந்து பனிச்சிறுத்தையும் வரும். பிப்ரவரியில் அங்கே ஆறு நாள் ஒளிப்படப் பயிலரங்கு. மாந்தோப்புக் குத்தகைப் பணத்தில் ஒரு பகுதியை அப்பா எடுத்துக் கொடுத்தார், கட்டணம் கட்டியாயிற்று.

தேர்வு முடியும் நாளுக்கும் பயிலரங்கு தொடங்கும் நாளுக்கும் இடையே இருந்தவை ஐந்தே நாட்கள். நான் கால அட்டவணைகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். மணாலி வழியில் குன்சும் கணவாய் பனியால் மூடிக் கிடக்கும். ஆகவே சிம்லா வழிதான். முதல் நாள் புத்தூரில் ரயில், மூன்றாம் நாள் தில்லி, அன்றிரவே பஸ். நான்காம் நாள் ரெக்காங் பியோ, ஐந்தாம் நாள் காசா, ஆறாம் நாள் காலையில் கிப்பர். ஒரு மணி நேரம்கூட வீணாகாத திட்டம்! பெருமையுடன் வீட்டில் படித்துக் காட்டினேன்.

திண்ணையில் இருந்த ஆயா கேட்டாள்: "எல்லாம் சரிப்பா. இதிலே நீ எங்கே உட்காருவே?"

எனக்கு விளங்கவில்லை. அலிபிரிப் படிகள் 3,550-ஐயும் பலமுறை ஏறியவள் அவள். "காலி கோபுரம் வரைக்கும் ஓடுகிற பிள்ளைகள்தான் அதற்கப்புறம் படியிலே படுத்துக்கிடக்கும். களைப்பு வருமுன்னே உட்காரணும்" என்றாள்.

அன்றிரவு மலைநோயைப் பற்றித் தேடிப் படித்தேன். கிப்பரில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். 3,000 மீட்டருக்கு மேலே, இரவில் தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கவும் வேண்டும். அவசரப்பட்டால் தலைவலியோடு நிற்காது. நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆயாவின் கேள்வியைத்தான் மருத்துவ நூல்களும் கேட்டன.

திட்டத்தைத் திருத்தினேன். ஐந்தாம் நாள் இரவு 3,200 மீட்டரை ஒட்டிய தாபோவில். ஆறாம் நாளும் ஏழாம் நாளும் காசாவில். எட்டாம் நாள் கிப்பர். திரும்பும் வழியில் சாலை பனியால் அடைபடக்கூடும் என்று மேலும் இரண்டு நாட்களை ஒதுக்கினேன். ஆனால் பயிலரங்கில் முதல் இரண்டு நாட்கள் போய்விடும்! கட்டணத்தைக் குறைக்க இயலாது என்று பதில் வந்தது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் தயங்கித்தான் சொன்னேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த இரண்டு நாளில் என்ன சொல்லித் தருவார்கள்?" என்றார்.

"பனியில் ஒளியை அளப்பது எப்படி, குளிரில் காமிராவைக் காப்பது எப்படி என்று."

"அதை இங்கேயே படித்துக்கொண்டு போ."

குளிரில் பாட்டரி விரைவில் சோர்ந்துவிடும். ஆகையால் மாற்றுப் பாட்டரிகளை உட்சட்டைப் பையில் உடம்போடு அணைத்து வைக்கவேண்டும். வெளியிலிருந்து கதகதப்பான அறைக்குள் வருமுன் காமிராவைப் பிளாஸ்டிக் பையில் இட்டு இறுகக் கட்டவேண்டும். இல்லையேல் அதன்மேல் ஈரம் படியும். இவற்றை ஏட்டில் படித்துவிடலாம். பனிக்கு எங்கே போவது?

எங்கள் ஊர் நெசவாளர் ஊர். மார்கழி வெயிலில் தெருவில் நீட்டியிருந்த வெள்ளைப் பாவைப் படமெடுத்தேன். படத்தில் அது சாம்பல் நிறமாக இருந்தது. எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாகவே எண்ணிக்கொள்வது காமிராவின் இயல்பு. பனியையும் அப்படித்தான் எண்ணும். ஒரு ஸ்டாப் ஒளியைக் கூட்டினேன்; வெளுத்தது. ஒன்றரை கூட்டினேன், நூல் நூலாய் வெண்மை தெரிந்தது. இரண்டு கூட்டியபோது இழைகள் மறைந்தன. அப்பா அருகில் நின்று மூன்று படங்களையும் பார்த்தார். "நடுவில் உள்ளதுதான் நம் பாவு" என்றார்.

பயணச்சீட்டு என் பையில் இருக்கிறது. பனிச்சிறுத்தை கண்ணில் படுமா என்பது என் கையில் இல்லை. எங்கே உட்காரவேண்டும் என்பது மட்டும் இப்போது தெரியும். எஞ்சியதை, ஆசிரியர் இடமளித்தால், அடுத்த இதழில் எழுதுவேன்.