திரையில் பறத்தலும் காற்றில் பறத்தலும்



ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே நம் கொங்கு மண்ணில் நுழையும் காற்றை நீங்கள் அறிவீர்கள். பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, சிறு பயிற்சி விமானத்தை உலுக்கியும் விடும். அறைக்குள் நிற்கும் ஓர் இயந்திரம் அதை எதிர்கொள்ளக் கற்றுத்தர இயலுமா?

மகனை விமானியாக்கத் தோட்டத்தை அடமானம் வைக்க எண்ணிய தகப்பனார் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, பையன் வீட்டுக் கம்ப்யூட்டர்லயே விமானம் ஓட்டிப் பழகறானுங்க. அது உதவுமுங்களா, கெடுத்துருமுங்களா?"

உதவும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் ஆர்கன் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், அந்த இசைக்கருவியின் துருத்திகளைக் கொண்டே 1929-இல் விமானப் பயிற்சி இயந்திரத்தை உருவாக்கினார். 1934-இல் தபால் சுமந்த இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்டபோது, அந்நாட்டு இராணுவம் அதை வாங்கியது. மேகத்துக்குள் நம் உடல் திசை அறியாது ஏமாறும்; கருவிகளை நம்பிப் பறக்கும் ஒழுக்கத்தை அந்த இயந்திரம் உயிர்ச்சேதமின்றிக் கற்பித்தது.

ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கருவிவழிப் பறத்தல் தகுதிக்குரிய 40 மணி நேரத்தில், அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் கழித்த 20 மணி நேரம் வரையே கணக்கில் சேரும். வீட்டுக் கணினிக்கு அதில் இடமில்லை.

சிமுலேட்டரின் குறை எங்கே என்பதை 2009-இல் நிகழ்ந்த ஒன்று காட்டுகிறது. பறவைகள் மோதி இரு எஞ்சின்களும் வலுவிழந்த விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கினார் கேப்டன் சல்லன்பெர்கர். 155 பேரும் பிழைத்தனர். பின்னர் சிமுலேட்டரில், நேரப்போவதை முன்னரே அறிந்து உடனே திரும்பிய விமானிகள் சிலர் ஓடுதளத்தை அடைந்தனர். நிலைமையை உணர்ந்து முடிவெடுக்க 35 வினாடிகளைச் சேர்த்தபோதோ அடைய இயலவில்லை. அந்தத் திகைப்பு திரையில் இல்லை.

ஆசிரியரின்றிப் பழகினால் தவறும் பழக்கமாகிவிடும். தொடக்க மாணவன் தொடுவானத்தை நோக்கிப் பறக்க வேண்டியவன். தனியே திரைமுன் வளர்ந்தவனின் கண்களோ கருவிகளிலேயே நிலைத்துவிடும். தரையில் மோதினாலும் ஒரு பொத்தான் அவனை மறுபடி பறக்க வைக்கும்.

ஆகவே, பெற்றோரே, பிள்ளையின் கணினியை மூடச் சொல்லாதீர்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், ஒரு பயிற்றுநரோடு அவனை உண்மையான காற்றில் ஒருமுறை பறக்க விடுங்கள். அந்தக் குலுக்கலுக்குப் பின்பும் அவன் ஆசை நிலைத்திருந்தால், திரையில் கற்றது அவனுக்குத் துணை நிற்கும்.